அத்தியாயம் 7: மைக் கத்தட்டும்

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையானாலும் சரி, திருச்செங்கோட்டு வைகாசித் தேரானாலும் சரி, மைக் செட்காரருக்கு ஒரு கவலை மட்டும் தீராது. மைக் கத்திவிடக் கூடாது. பேச வந்த பெரியவர் உணர்ச்சிவசப்பட்டு மைக்கின் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார். உடனே காதைக் கிழிக்கும் விசில் கிளம்பும். “அண்ணா, மைக்கைப் பொத்தாதீங்க, கத்தும்” என்று செட்காரர் ஓடிவருவார். வால்யூமைக் குறைப்பார், ஸ்பீக்கரைப் பார்த்திருந்த மைக்கைத் திருப்பி வைப்பார், ஈக்வலைசரில் ஒரு குமிழை மட்டும் கீழே இழுப்பார். விசில் அடங்கிவிடும்.

இந்த அத்தியாயத்தின் பாடம் முழுக்க அந்த மூன்று அசைவில் இருக்கிறது. அவர் அடக்குவதை நாம் வளர்க்கப் போகிறோம். ஆகவே ஃபீட்பேக்கை வைத்து இசை அமைக்க விரும்புகிறவர்கள் முதலில் ஒரு மைக் செட்காரரோடு நாலைந்து விசேஷங்களுக்குப் போய் ஒயர் இழுத்துக் கொடுங்கள். எந்த சாஃப்ட்வேர் பயிற்சி வகுப்பும் அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. விசில் எங்கே பிறக்கும், எந்தக் குமிழுக்கு அடங்கும் என்று அவர் கைக்குத் தெரியும். பொத்தினால் ஏன் கத்துகிறது என்பதும் அவருக்குத் தெரியும். மேடை மைக் முன்பக்க ஒலியை வாங்கி, பின்பக்க ஒலியைத் தள்ளிவிடும்படி செய்யப்பட்டது. அதற்காகத் தலையின் பின்புறம் விட்டிருக்கும் துளைகளைக் கை மூடிவிட்டால் அது எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்காகிவிடுகிறது. மேடையில் இது தொல்லை. நமக்கு இது ஒரு வாத்தியம்: விரல்களைப் பிரித்தும் குவித்தும் விசிலின் சுரத்தை மாற்றலாம்.

ஏன் கத்துகிறது

மைக்கில் புகுந்த ஒலி ஆம்ப்ளிஃபயரில் பெருகி, ஸ்பீக்கரில் வெளிவந்து, காற்றைக் கடந்து மறுபடி மைக்குக்கே வருகிறது. ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது கிளம்பியதைவிடக் கொஞ்சம் பலம் கூடியிருந்தால் அடுத்த சுற்றில் இன்னும் கூடும். ஆனால் எல்லா அதிர்வெண்ணும் இப்படிப் பெருகாது. திரும்பி வரும் அலையின் மேடு, கிளம்பும் அலையின் மேட்டின் மேலேயே வந்து விழ வேண்டும். மேடும் பள்ளமும் மோதினால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

நம் ஊர்ச் சூட்டில் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. மைக்கும் ஸ்பீக்கரும் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், விசில் பிறக்கக்கூடிய இடங்கள் சுமார் 350 ஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்கும். மூன்றரை மீட்டர் தள்ளினால் இடைவெளி 100 ஹெர்ட்ஸாகச் சுருங்கும். வரிசையில் எது ஜெயிக்கும் என்பதை ஸ்பீக்கர், மைக், அறை, ஈக்வலைசர் நான்கும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அரசு உத்தரவுகள் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி’ என்று சொல்லும் குழாய் ஸ்பீக்கருக்கு அடித்தொண்டை கிடையாது, அதனால் அதன் விசில் எப்போதும் உச்சத்தில்தான். பெட்டி ஸ்பீக்கரைச் சின்ன அறையில் வைத்தால் அதே ஃபீட்பேக் ‘ஊம்’ என்று கீழே உறுமும்.

பெருகிக்கொண்டே போகும் ஒலி எங்கேதான் நிற்கும்? ஆம்ப்ளிஃபயரால் அதற்கு மேல் தர முடியாத இடத்தில். அலையின் தலை அங்கே மழுங்கிவிடும். ஆக இந்தச் சுற்றில் நாம் தொடக்கூடியவை நான்கு: பலம், தூரம், வடிகட்டி, உச்சவரம்பு. இனி வரும் பயிற்சிகள் எல்லாமே இந்த நான்கை மாற்றி மாற்றிப் பிடிப்பதுதான்.

சீதோஷ்ணத்தையும் மறக்க வேண்டாம். மார்கழி விடியற்காலை 20 டிகிரியில் நீங்கள் அமைத்த சுரம், சித்திரை மதியம் 39 டிகிரியில் மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கும். கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் அது பாதிக்கு மேல். தம்புராவோடு சேர்த்து வாசிக்க நினைப்பவர்கள் ஒத்திகையையும் நிகழ்ச்சியையும் ஒரே வேளையில் வைத்துக்கொள்வது நல்லது.

மைக்கே இல்லாமல் தொடங்குங்கள்

ஜப்பானியக் கலைஞர் தோஷிமாரு நாகமுரா 1990களின் பிற்பகுதியிலிருந்து மிக்ஸரை மட்டும் வாத்தியமாக வைத்து வாசித்துவருகிறார். உள்ளே எதுவும் போவதில்லை. மிக்ஸரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே சொருகிவிடுகிறார். சுற்றுக்குள் காற்று இல்லாததால் அறை, வெயில், பக்கத்து வீட்டு நாய் எதுவும் குறுக்கே வராது. கற்றுக்கொள்ள இதுதான் சரியான இடம்.

ஆக்ஸ் சென்ட் உள்ள பழைய நான்கு சேனல் மிக்ஸர் ஒன்று போதும். ஃபான்டம் பவர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆக்ஸ் சென்டிலிருந்து முதல் சேனலின் லைன் உள்ளீட்டுக்கு ஒரு ஒயர் போடுங்கள். மெயின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கட்டும், காதில் வேண்டாம். இப்போது முதல் சேனலின் ஆக்ஸ் குமிழை மெல்லத் திருப்புங்கள். வெகு நேரம் எதுவும் நடக்காது. பிறகு மீட்டர் விளக்கு ஒன்று சட்டென்று எரியும். அப்போதுதான் மெயினைத் துளித் துளியாக ஏற்ற வேண்டும்.

அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள். குமிழை மயிரிழை பின்னால் இழுத்தால் ஒலி செத்துவிடும், மயிரிழை முன்னால் தள்ளினால் கத்தும். இரண்டுக்கும் நடுவில் உள்ள விளிம்பில் ஒலி நடுங்கும், தேயும், தானே மறுபடி எழும். ஃபீட்பேக் இசை என்று ஒன்று இருந்தால் அது அந்த விளிம்பில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டி ஓடிப்போய்க் கத்தலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். பத்து நிமிடம் ஒரே விசில் என்றால் அது படைப்பு அல்ல, மைக் செட் கோளாறு.

விளிம்பில் நின்றபடி ஈக்வலைசரின் நடுக் குமிழைத் திருப்பிப் பாருங்கள். சுரம் வழுக்கிக்கொண்டு போகும், திடீரென்று தாவும். பிறகு இரண்டாவது ஆக்ஸை இரண்டாவது சேனலுக்குப் போட்டு, ஒவ்வொரு சேனலிலிருந்தும் மற்றதன் சுற்றுக்குக் கொஞ்சம் அனுப்புங்கள். இரண்டு சுற்றுகளும் மல்லுக்கட்ட ஆரம்பிக்கும். தாளம் போட யாரும் இல்லாமலே அங்கே துடிப்புகள் பிறக்கும்.

ஒரு எச்சரிக்கை. பாட்டில் பல சுரங்களுக்குப் பிரிந்து போகும் சக்தி ஃபீட்பேக்கில் ஒரே சுரத்தில் குவிகிறது. அது உச்சத்தில் இருந்தால் டுவீட்டரின் சுருள் எரிந்துவிடும். மெயினில் ஒரு லிமிட்டர் இல்லாமல் நல்ல ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். காதுக்கு மாற்று யூனிட் கடையில் கிடைக்காது.

கேசிங் பைப்பில் ஒரு ச, ஒரு ப

இனி காற்றுக்கு வரலாம். திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போய் போர்வெல் போடுகின்றன. அதனால் இந்தப் பக்கத்தில் நாலு அங்குல பிவிசி கேசிங் பைப் எந்த ஹார்டுவேர் கடையிலும் துண்டாகக் கிடைக்கும். இரண்டு முனையும் திறந்த குழாயின் அடிச்சுரத்தைக் கணக்கிடுவது எளிது: ஒலியின் வேகத்தைக் குழாய் நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். வாயருகே உள்ள காற்றும் சேர்ந்து அதிர்வதால், நாலு அங்குலக் குழாய்க்கு நீளத்தோடு ஆறு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டடித் துண்டு ஏறக்குறைய 260 ஹெர்ட்ஸ் தரும். மூன்றடி ஒரு அங்குலத் துண்டு 174-ஐ ஒட்டி வரும். நீளமானதை ச என்று வைத்தால் குட்டையானது ப. ஸ்பீக்கர் வாயருகே வந்தால் சுரம் சற்று இறங்கும். எனவே முதலில் நீளமாக அறுத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டுக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

குழாயின் ஒரு வாய்க்கு எதிரே மூன்று அங்குல ஸ்பீக்கர், மறு வாய்க்குள் சட்டையில் மாட்டும் காலர் மைக். வாயை முழுக்க அடைக்க வேண்டாம். ப்ளூடூத் ஸ்பீக்கரும் வேண்டாம். அதில் ஒலி நூறு மில்லிநொடிக்கு மேல் தாமதமாகலாம், உங்கள் கை அசைவுக்கு உடனே பதில் வராது. கெயினை ஏற்றினால் குழாய் தன் சுரத்தைப் பாடும். மைக்கைக் குழாயின் நடுவுக்குத் தள்ளினால் அடிச்சுரம் வலுக்கும், மேலே உள்ள சில சுரங்கள் மறையும். வாயை உள்ளங்கையால் பாதி மூடினால் சுரம் கீழே சரியும். கமகம் பழகியவர்கள் இதில் வெகுநேரம் விளையாடலாம்.

இரண்டு குழாயையும் ஒரே சுற்றில் அடுத்தடுத்துச் சேர்த்தால், அதாவது முதல் குழாயின் மைக் இரண்டாம் குழாயின் ஸ்பீக்கருக்கும், இரண்டாம் குழாயின் மைக் முதல் குழாயின் ஸ்பீக்கருக்கும் போனால், கேட்க வேண்டிய ஒன்று நடக்கும். 174-இன் மூன்று மடங்கும் 260-இன் இரண்டு மடங்கும் ஏறக்குறைய ஒன்றே: 520 பக்கம். இரண்டு குழாயும் ஒத்துக்கொள்ளும் முதல் சுரம் அதுதான் என்பதால் சுற்று அங்கே போய் நிற்கவே முனையும். ச-வும் இல்லாமல் ப-வும் இல்லாமல், ப-வின் மேல்ஸ்தாயியாக அது ஒலிக்கும். நீங்கள் எழுதாத சுரம் ஒன்றை அமைப்பே தேர்ந்தெடுக்கிறது.

சுற்றை விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு வெளியிலிருந்து ஒரு தட்டுக் கொடுப்பது இன்னொரு முறை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் இருப்பவர்களுக்குத் தறிச் சத்தத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. உரிமையாளரிடம் கேட்டு விசைத்தறியின் ஓட்டத்தைச் சில நிமிடம் பதிவு செய்துகொண்டு, அதை மிகச் சன்னமாகச் சுற்றுக்குள் விடுங்கள். நாடா அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் குழாய் தன் சுரத்தில் ஒரு கணம் பாடிவிட்டு அடங்கும். தறியின் தாளம், குழாயின் சுரம். இரண்டையும் பிரித்து எடுக்க முடியாது.

கயிறும் இடமும் இருந்தால் இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1968-இல் செய்த வழியும் உண்டு. மல்லாந்து கிடக்கும் ஸ்பீக்கருக்கு மேலே மைக்கை ஊஞ்சல்போல் ஆடவிட்டார். மைக் ஸ்பீக்கரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கீச்சு. ஒரு மீட்டர்க் கயிறு போய்த் திரும்ப இரண்டு நொடி, 120 சென்டிமீட்டர்க் கயிறு 2.2 நொடி. இரண்டையும் ஒன்றாக விட்டால் 22 நொடிக்கு ஒருமுறை கூடும், பிரியும். இன்னொரு இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969-இல் செய்தது இன்னும் எளிது: ஓர் அறையில் பேசிப் பதிவு செய்தார், பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்தார், அதை மறுபடியும். பேச்சு கரைந்து அறையின் சுரங்கள் மட்டும் மிஞ்சின. முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தால் முயன்று பாருங்கள். செல்போன் ரெக்கார்டரில் ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும்.

அகமதாபாத், 1969

இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. நியூயார்க்கிலிருந்து மூக் சிந்தசைசரைக் கொண்டுவந்து அதை அமைத்துக் கொடுத்தவர் டேவிட் ட்யூடர். பியானோக் கலைஞராக இருந்து மின்னிசைக்கு வந்தவர், ஃபீட்பேக்கையே தன் வாத்தியமாக்கிக்கொண்டவர். இந்தத் தொடர்புக்குப் பின்னால் கீதா சாராபாய் இருக்கிறார். 1946-இல் நியூயார்க் போன அவரிடம்தான் இசையமைப்பாளர் ஜான் கேஜ் இந்திய இசை கற்றார், பதிலுக்கு மேற்கத்திய இசையைக் கற்றுக்கொடுத்தார். ட்யூடர் கேஜின் நெடுநாள் கூட்டாளி.

அந்தக் கூடத்தில் கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை வேலை செய்தார்கள். பிறகு நாடா ரீல்கள் கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பிரிட்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் என்ற இசைக் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 2023-இல் ஒரு தொகுப்பு வெளியானது. மூக்கோடு டேப் ஃபீட்பேக்கைச் சேர்த்து ட்யூடர் அங்கே செய்த சோதனைகளும் அதில் உண்டு. முதலில் அவற்றைக் கேளுங்கள். எந்த இடத்தில் அவர் குமிழைத் தொடுகிறார், எந்த இடத்தில் தொடாமல் விடுகிறார் என்று கவனித்தால் ஒரு பருவப் பாடம் கிடைத்துவிடும். நாம் படித்த இந்திய இசை வரலாறுகளில் இந்தக் கூடத்துக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படாதது வியப்புத்தான்.

பிரேக் போடத் தெரிந்தால்தான் வண்டி

இதுவரை சொன்னது நேர் ஃபீட்பேக்: கூடினால் இன்னும் கூட்டு. எதிர் ஃபீட்பேக் நேர்மாறு: கூடினால் குறை. 1927-இல் பெல் ஆய்வகத்துப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், வேலைக்குப் போகும் படகில் கண்டுபிடித்த யோசனை அது. ஆம்ப்ளிஃபயரின் சிதைவைக் குறைக்க. இசையமைப்பாளருக்கு அதுவே கத்தலை உயிருள்ளதாக்கும் வழி.

வெளியே வரும் ஒலியின் பலத்தை அளக்கும் ஒரு கருவியை வையுங்கள். சாஃப்ட்வேரில் அதற்கு என்வலப் ஃபாலோயர் என்று பெயர். பலம் கூடினால் சுற்றின் கெயினை அது குறைக்கட்டும், பலம் குறைந்தால் ஏற்றட்டும். மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மிதவை மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் இறங்கியதும் மறுபடி போடுவதைப் போலத்தான். சூட்சுமம் வேகத்தில் இருக்கிறது. அளவி உடனுக்குடன் வேலை செய்தால் ஒலி ஒரே மட்டத்தில் சவமாக நிற்கும். மூன்று நான்கு நொடி தாமதித்துச் செய்தால், கெயின் குறைவதற்குள் ஒலி ஏறிவிட்டிருக்கும், கெயின் ஏறுவதற்குள் ஒலி இறங்கிவிட்டிருக்கும். அமைப்பு தானாக மூச்சுவிட ஆரம்பிக்கும். இப்படி மூன்று சுற்றுகளை வெவ்வேறு தாமதத்தில் வைத்து, ஒன்றின் பலம் இன்னொன்றின் கெயினைக் கட்டுப்படுத்தும்படி செய்தால், நீங்கள் டீ குடித்துவிட்டு வரும்வரை அது தன்பாட்டில் வாசித்துக்கொண்டிருக்கும்.

டிலேயின் ஃபீட்பேக் குமிழும் இதே சுற்றுத்தான், மைக் செட்காரர்கள் எக்கோ என்பது. 0.5-இல் வைத்தால் ஒவ்வொரு எதிரொலியும் ஆறு டெசிபல் இறங்கும், பத்துச் சுற்றில் காணாமல் போகும். 0.9-இல் அதே இறக்கத்துக்கு அறுபத்தைந்து சுற்றுக்கு மேல் வேண்டும். டிலே 400 மில்லிநொடி என்றால் 26 நொடி. குமிழின் கடைசிப் பத்தில் ஒரு பங்கில்தான் எல்லா நாடகமும் நடக்கிறது.

கம்ப்யூட்டரில்

பியூர் டேட்டா இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். டெல்ரைட்~ ஒன்றில் எழுதி டெல்ரீட்~ ஒன்றில் படித்து, ஒரு பெருக்கியால் பெருக்கி மறுபடி டெல்ரைட்~டில் சேருங்கள். சுற்று தயார். இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். பியூர் டேட்டா 64 சாம்பிள்களை ஒரு கட்டாகக் கணக்கிடுகிறது, 44,100 வேகத்தில் அது 1.45 மில்லிநொடி. அதைவிடக் குட்டையான சுற்று வேண்டுமென்றால் பிளாக்~ மூலம் கட்டைச் சிறிதாக்க வேண்டும். இரண்டாவது, எண்களுக்கு ஆம்ப்ளிஃபயர்போல இயல்பான உச்சவரம்பு கிடையாது. பெருகிப் பெருகிக் கணக்கே முறிந்து, சுற்று ஊமையாகி, மறுபடி எழாது. ஆகவே சுற்றுக்குள்ளேயே ஒரு கிளிப்~ அவசியம், தேங்கும் நேர்மின்னழுத்தத்தை வடிக்க ஒரு ஹிப்~ அவசியம். ரீப்பர் பயன்படுத்துகிறவர்கள் புராஜெக்ட் அமைப்பில் ஃபீட்பேக் ரூட்டிங்கை அனுமதிக்க வேண்டும், இயல்பில் அது பூட்டியிருக்கும்.

பணம் கட்டி வாங்கும் ஃபீட்பேக் பிளக்இன்கள் நிறைய உண்டு. அவற்றில் விளிம்பு வழவழப்பாக்கப்பட்டிருக்கும், எங்கே திருப்பினாலும் அழகாக ஒலிக்கும். அதனாலேயே அவற்றில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

படைப்பாக்குவது

ஃபீட்பேக்குக்கு ஸ்வரக் குறிப்பு எழுதிப் பயனில்லை. குமிழ்களின் நிலையையும் நேரத்தையும் எழுதுங்கள். எட்டு நிமிடத் துண்டு ஒன்றுக்குத் திட்டம் இப்படி இருக்கலாம். முதல் இரண்டு நிமிடம் இரண்டு குழாயும் தனித்தனியாக, விளிம்புக்குக் கீழே, தறிச் சத்தம் மட்டும் அவற்றைத் தட்டிக்கொண்டிருக்கும். அடுத்து நீளக் குழாயை விளிம்பு தாண்ட விடுங்கள், ச நீளும். நாலாவது நிமிடம் சுற்றுகளை இணைத்து 520-க்குத் தாவ விடுங்கள். அங்கே அது நிலைத்ததும் பிரேக்கைப் போட்டு மூச்சுவிட வையுங்கள். கடைசியில் வால்யூமைத் தேய்த்து முடிக்காதீர்கள், சினிமாப் பாட்டு மாதிரி இருக்கும். தறியை நிறுத்திவிடுங்கள். சுற்று தானாக எதில் போய் அடங்குகிறதோ அதுதான் முடிவு.

வெளியில் வாசிப்பதானால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நமக்கும் பொருந்தும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. நாமக்கல்லில் கோழிப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒத்திகை வேண்டாம், திடீர் விசிலுக்குக் கோழிகள் மிரளும்.

ஒவ்வொரு அமர்வையும் முழுக்கப் பதிவு செய்யுங்கள். கூடவே நோட்டில் தேதி, வெப்பநிலை, ஒயர் போன வழி, குழாய் நீளம், மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரம், ஒவ்வொரு குமிழின் நிலை எல்லாவற்றையும் படமாக வரைந்து வையுங்கள். செல்போனில் ஒரு போட்டோ எடுத்தாலும் போதும். இணைப்புப் படம் இல்லாத ஃபீட்பேக் பதிவை ஆறு மாதம் கழித்து அதை வாசித்தவராலேயே மறுபடி வாசிக்க முடியாது.